பாசிக்குடாவில் ஒரு சனிக்கிழமை மாலை

பாசிக்குடாவுக்குப் போக வேண்டும் என்று நானாக ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. வேலை நிமித்தம் மாதத்தில் நான்கைந்து தடவையாவது வாழைச்சேனைக்குப் போகிறவள் நான். அங்கிருந்து சிறிது தூரத்தில் கடல் வந்துவிடும். ஆனாலும் அந்தப் பெரிய ஹோட்டல்களின் மதிலைத் தாண்டி உள்ளே போக எனக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. கடந்த ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு காரணம் கிடைத்தது. அதைத் தந்தவர் எங்கள் பெண்கள் குழுவில் இருக்கும் ஓர் அக்கா.

அக்காவின் கணவர் 2007ஆம் ஆண்டு தொடக்கத்தில், வாகரைப் பக்கமிருந்து சனங்கள் இடம்பெயர்ந்து வந்த வேளையில் காணாமற்போனவர். அக்கா இன்றைக்கும் பொட்டு வைக்கிறார். வைப்பதற்காகச் சிலர் கதைக்கிறார்கள், வைக்காவிட்டாலும் கதைப்பார்கள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தே ஒரேயொரு மகளைப் படிப்பித்து எடுத்தார். மகள் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வயலின் பயின்று பட்டமும் பெற்றுவிட்டு, ஆசிரிய நியமனம் வருமென்று காத்திருக்கிறாள்.

"மிஸ், உங்களிட்ட ஒண்டு கேக்கணும்," என்று அன்று கூட்டம் முடிந்த பிறகு அக்கா என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார். "புள்ள சனிக்கிழமையில வயலின் கிளாசுக்குப் போறன் எண்டுதான் சொன்னவள். இப்ப பாத்தா பாசிக்குடா ஹோட்டல்ல போய் வாசிக்கிறாளாம். பக்கத்து வீட்டாக்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் படிக்காதவள். எனக்கு அந்த இடம் விளங்காது. நீங்க ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வந்து, போகலாமா கூடாதா எண்டு சொல்லுங்க. நீங்க சொல்றதக் கேப்பன்."

இப்படியொரு பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டு நான் எந்தச் சுற்றுலாத் தலத்துக்கும் போனதில்லை.

பாசிக்குடாவைப் பார்க்காத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறாவூர், செங்கலடி, கிரான் தாண்டி வாழைச்சேனைக்கு வந்து, கல்குடா வீதியால் திரும்ப வேண்டும். கரை வளைந்து கிடக்கும் குடா அது. வெகுதூரம் இறங்கி நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. குழந்தைகளைப் பயமில்லாமல் விடலாம். போருக்கு முன்னரும் இங்கே ஹோட்டல்கள் இருந்தன. போரில் அவை பாழடைந்தன. எஞ்சியதை 2004 டிசெம்பர் 26இல் சுனாமி அடித்துப் போனது. 2009இல் போர் முடிந்ததும் கரையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். 2011இலிருந்து ஒவ்வொன்றாகப் புதிய ஹோட்டல்கள் எழும்பின. மீன்பிடித் தோணிகள் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டன.

இந்த ஹோட்டல்களில் உள்ளூர்ப் பெண்கள் வேலை செய்வது மிகக் குறைவு. "ஹோட்டலுக்குப் போறவள்" என்ற ஒரு சொல் போதும், கலியாணப் பேச்சு முறிந்துவிடும். சமூகவியல் படித்த காலத்தில் 'சமூகக் கட்டுப்பாடு' என்று பரீட்சைக்கு எழுதியதெல்லாம் இதைத்தான். அதனால் அக்காவின் பயத்தை அறியாமை என்று நான் ஒதுக்கவில்லை. அவருடைய கணக்கு சரியான கணக்கு. ஆண் துணை இல்லாத வீட்டில் ஒரு பெண்ணின் பெயர் கெட்டால் அதைச் சுமக்க வேண்டியவர்கள் அந்த இரண்டு பேரும் மட்டும்தான்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மட்டக்களப்பு நகரில், வயலின் வாசிக்கும் பெரியவர் ஒருவரின் வீட்டு வாசலில் வான் நின்றது. என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பெரியவர் பறங்கியர். எழுபது வயது தாண்டியவர், தச்சுத் தொழிலாளி. எல்லோருக்கும் அவர் 'அங்கிள்'தான். அவருடைய தங்கை மடியில் தம்பூரின் மேளத்தை வைத்துக்கொண்டு முன் இருக்கையில் இருந்தார். ஓட்டமாவடியைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞன் ஒருவன், றபான் அடிப்பவன், வழியில் ஏறுவான் என்றார்கள். புல்லாங்குழல் வாசிக்கும் சிங்களத் தம்பி அந்த ஹோட்டலிலேயே கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார், ஊர் பொலன்னறுவை. அக்காவின் மகள் என்னைக் கண்டதும் முகம் சுருங்கிப் போனாள். ஏன் வந்திருக்கிறேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

இந்தக் குழுவுக்கு இதுவரை பெயர் கிடையாது. ஹோட்டல்காரர்கள் பலகையில் 'சேம்பர் மியூசிக்' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்கள். சேம்பர் என்றால் அறை. ஐரோப்பாவில் பெரிய மண்டபத்திலோ தேவாலயத்திலோ அல்லாமல் ஒரு வீட்டு அறைக்குள் வாசிக்கவென்று உருவான இசை அது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ என்று நான்கு பேர் இருந்து வாசிக்கும் வடிவத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஹைடன் என்ற இசையமைப்பாளர் செப்பமாக்கினார். கோல் பிடித்து நடத்த அதில் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒருவர்தான் இருப்பார். அவர் விட்டால் அந்த இடம் வெறுமையாகிவிடும். அதனால் ஒருவர் மூச்சை மற்றவர் கவனித்தபடிதான் வாசிக்க முடியும்.

அங்கிளின் சமூகத்துக்கு இது புதிதல்ல, பெயர்தான் புதிது. போர்த்துக்கேயர் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டியது 1628இல். பத்தே வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை போனாலும் போர்த்துக்கேயர் வழிவந்த குடும்பங்கள் இங்கேயே தங்கின. தச்சு, கொல்லு, தையல், இயந்திரம் திருத்துதல் என்று கைத்தொழில்களில் நிலைத்தன. வீட்டுக்குள் ஒரு கலப்புப் போர்த்துக்கேய மொழி, வெளியே தமிழ். மேசை, கதிரை, அலுமாரி, சாவி, வாங்கு, விறாந்தை, சப்பாத்து, பாண் என்று நாம் தமிழென்று நினைத்துப் புழங்கும் சொற்கள் அவர்களின் முன்னோர் வழியாக வந்தவை. நம் வீட்டுக்குள்ளேயே இவ்வளவு தூரம் வந்திருக்கிற ஒரு சமூகத்தை நாம் எத்தனை பேர் ஒரு நல்லநாள் பெருநாளுக்காவது போய்ப் பார்த்திருக்கிறோம்?

அவர்களுடைய கலியாண வீடுகளில் வயலினும் மேளமும் முழங்க, சோடி சோடியாக நின்று ஆடும் ஆட்டத்துக்குக் கஃப்ரிஞ்ஞா என்று பெயர். போர்த்துக்கேயர் காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களைக் காப்பிரி என்றார்கள்; அந்தச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆக, ஆபிரிக்கத் தாளம், ஐரோப்பிய வயலின், மட்டக்களப்புக் காற்று. நாடெங்கும் ஆடுகிற பைலாவுக்கும் இதுதான் மூலம். அந்த ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் இருக்கிறார்கள். அவர்கள் 'மாஞ்ஞா' பாடும்போது தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, போத்தல் எல்லாம் வாத்தியம். அடுப்படியில் கிடக்கிற சாமானை வைத்தே ஒரு இசை.

கல்லடிப் பாலத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது அங்கிள் தன் கதையைச் சொன்னார். அவர்கள் முன்னர் இருந்தது டச்பாரில், ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். சுனாமியில் அந்த ஊரில் பறங்கியர் குடும்பங்கள் பல அழிந்தன. பக்கத்திலுள்ள திருச்செந்தூர் முருகன் கோயிலின் சரிந்த கோபுரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"என்ட மனுசியும் பேரப்பிள்ளையும் போன. வயலினும் போன. வயலின நான் தேடல்ல," என்றார். "பிறகு ஒருத்தர் பழைய வயலின் ஒண்டு கொண்டுவந்து தந்தார், மேற்பலகை வெடிச்சது. ஒட்டி, குதிரையும் புதுசா வெட்டிப் போட்டன். ஆனா வாசிக்கல்ல. பெட்டிக்குள்ள வச்சிட்டன்."

முன்னால் இருந்த தங்கை திரும்பாமலே சொன்னார்: "ஒரு வருசமும் நாலு மாதமும். மருமகள்ட கலியாணம் வந்த. சீடி போடுவமா எண்டு கேட்டாங்க. நான் சொன்னன், பெட்டியத் திறங்க, இல்லாட்டி ஆட்டமே வேணாம் எண்டு."

"கை நடுங்கின," என்றார் அங்கிள்.

"சுருதியும் பிசகின," என்றார் தங்கை.

ஓட்டமாவடியில் றபான்காரத் தம்பி ஏறினான். அவனுடைய மாமா இருபது வருடம் அங்கிளுக்கு மேளம் அடித்தவர். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தபோது மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாமா வரவில்லை. "நானும் கூப்பிடல்ல," என்றார் அங்கிள், தம்பி கேட்கும்படியே. "அது என்ட பிழை. அவருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ஆனா அப்ப வாய் வரல்ல." இரண்டு வருடம் கழித்துத் தம்பி தானாகவே வந்து வாசலில் நின்றானாம். மாமா இன்னும் வருவதில்லை.

ஹோட்டல் வாசலில் பாதுகாவலர் எங்கள் பெயர்களை எழுதினார். அக்காவுக்காக நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன். உள்ளே குளிரூட்டிய மண்டபம் ஒன்று தயாராக இருந்தது. அங்கிள் வேண்டாமென்று கடற்பக்க விறாந்தையைக் கேட்டார். எனக்கு அது பிடிவாதமாகப் பட்டது. அக்காவின் மகள்தான் விளக்கினாள். கடற்காற்றின் ஈரத்தில் வயலினின் மரம் ஊதும், தந்தியை முறுக்கும் ஆணிகள் இறுகிப்போகும். குளிரூட்டிய அறையில் ஈரம் வற்றி அதே ஆணிகள் வழுக்கும், வாசித்துக்கொண்டிருக்கும்போதே சுருதி இறங்கிவிடும். அங்கிள் பையில் ஒரு சோக்குத் துண்டும் ஒரு சவர்க்காரத் துண்டும் வைத்திருக்கிறார். வழுக்கினால் சோக்கு, இறுகினால் சவர்க்காரம்.

அடுத்து நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. முகாமையாளர் வந்து, அடுத்த வாரம் விளம்பரத்துக்குப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னார். ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் இனத்து உடுப்பில் வர வேண்டுமாம். பிள்ளை காஞ்சிபுரம் கட்டிப் பூ வைக்க வேண்டும், றபான் தம்பி தொப்பி போட வேண்டும், புல்லாங்குழல் தம்பி வெள்ளைச் சாரம், அங்கிள் கோட்டும் தொப்பியும். நான்கு இனமும் ஒரே படத்தில் வந்தால் வெளிநாட்டவர்களுக்குப் பிடிக்கும் என்றார். அவர் கெட்ட மனிதரல்ல, மரியாதையாகத்தான் கேட்டார்.

அங்கிள் வில்லுக்கு ரோசின் பூசியபடியே, "நாங்க வாசிக்க வந்த, தம்பி. சாப்பாட்டு மெனு இல்ல," என்றார். புல்லாங்குழல் தம்பி அதைச் சிங்களத்தில் சொல்லும்போது கொஞ்சம் மெதுவாக்கிச் சொன்னார் போலிருந்தது. அவருக்கு அங்கே மாதச் சம்பளம் அல்லவா?

எத்தனை மேடைகளில் இந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன்! நல்லிணக்க விழா என்பார்கள், நான்கு பிள்ளைகளை நான்கு உடுப்பில் நிறுத்துவார்கள், விளக்கேற்றுவார்கள், சாப்பாட்டுப் பொதி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எங்கள் நிறுவனமும் செய்திருக்கிறது. அறிக்கையில் நானே எழுதியிருக்கிறேன்.

விறாந்தையில் முப்பது கதிரைகள் வரை இருக்கும். ஒலிபெருக்கி இல்லை. மற்றவர்கள் கதிரையில் இருக்க, பிள்ளை மட்டும் கர்நாடக முறைப்படி சப்பாணி கட்டி இருந்து, வயலினின் தலையை வலது காலில் ஊன்றி வாசிக்கிறாள். அவள் மட்டும் தரையில் பள்ளத்தில் இருப்பது போல் தெரியக்கூடாதென்று அங்கிள் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை மேடை செய்து கொடுத்திருந்தார். நான்கு மூலையும் இழைத்து உருட்டியிருந்தது, சேலை மாட்டாமல்.

முதலில் கஃப்ரிஞ்ஞா. அங்கிளின் வில் துள்ளத் தொடங்கியதும் தங்கை தம்பூரினைத் தட்டினார். பிள்ளை அதைத் திசிர நடையாக, 'தகிட தகிட' என்று உள்ளுக்குள் எண்ணிப் பிடித்துக்கொண்டதாகப் பிறகு சொன்னாள். வெளிநாட்டவர்களின் கால்கள் தானாக ஆடின. பரிமாறும் பையன்களும் தட்டோடு நின்றுவிட்டார்கள்.

பிறகு மோகன இராகம். இங்கேதான் ஒரு விடயம். மேலைநாட்டு முறையில் வயலினின் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று சமமான இடைவெளியில் நிற்கும். கர்நாடக முறையில் சட்சம் பஞ்சமம், சட்சம் பஞ்சமம் என்று இரண்டு சோடியாக நிற்கும். பிள்ளையின் சுருதி ஐந்து கட்டை. அது அங்கிளின் அடித் தந்தியின் சுரத்தோடு அப்படியே பொருந்துகிறது. மேல் இரண்டு தந்திகள்தான் இடிக்கும். அவற்றை ஒவ்வொரு முழுச் சுரம் இறக்கினால் இரண்டு வயலினும் ஒன்றாகிவிடும். முழுச் சபையும் பார்த்துக்கொண்டிருக்க, எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் தன் வயலினைக் காதோடு வைத்து, ஐம்பது வருடம் பழகிய தந்திகளை அந்தப் பிள்ளையின் சட்சத்துக்கு இறக்கினார். ஒரு தந்தி சரிவரவில்லை. பிள்ளை தலையை இலேசாக ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் இறக்கினார். அவள் தலையசைத்தாள். அதன் பிறகுதான் தொடங்கினார்கள். அடுத்த கஃப்ரிஞ்ஞாவுக்குத் தானும் தன் தந்திகளை ஏற்றிக்கொள்வதாக வானில் பிள்ளை எனக்குச் சொன்னாள். யார் பாட்டோ அவருடைய சுருதி, அதுதான் அவர்களுடைய சட்டம்.

வயலினே நமக்கு வந்த விருந்தாளிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் பயின்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். மறைந்துபோன யாழை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்ட விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கும் கல்லடியில்தான், அவர் பெயர் தாங்கிய நிறுவகத்தில்தான், இன்று நம் பிள்ளைகள் இந்த விருந்தாளியைப் பயில்கிறார்கள்.

நிகழ்ச்சி ஐந்து கால் மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடிந்தது. ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், கையில். சாப்பாடு பின்பக்கம், பணியாளர் அறையில். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அறை வெளிச்சமாகவும் சுத்தமாகவும் இருந்தது. சமையலறைப் பெண் ஒருவர் பிள்ளைக்கு மட்டும் கூடுதலாக ஒரு மீன் துண்டு வைத்தார்.

திரும்பும் வழியில் பிள்ளை என் பக்கத்தில் இருந்தாள். புல்லாங்குழல் தம்பியின் அண்ணன் இராணுவத்தில் இருந்து 2008இல் வன்னியில் இறந்தவர் என்று அப்போதுதான் சொன்னாள்.

"உங்கட அப்பாட விசயம் அவருக்குத் தெரியுமா?"

"தெரியும், மிஸ். அங்கிள் சொன்னவர்."

"கதைச்சிருக்கிறீங்களா?"

"இல்ல. தாளம் பிந்தினா மட்டும் கதைப்பம்." சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல் மாதம் எனக்கு அவர்ட முகத்தப் பாத்து வாசிக்க ஏலாம இருந்த. ஆனா பாக்காட்டி அவர் எந்த இடத்தில மூச்செடுப்பார் எண்டு தெரியாது. மூச்செடுக்கிற நேரம் நான் விட்டுக்குடுக்கணும். அதால பாத்துத்தான் ஆகணும், மிஸ்." பிறகு கேட்டாள்: "அம்மாட்ட என்ன சொல்லப் போறீங்க?"

அக்காவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். விறாந்தை, பலகை மேடை, வான் திரும்பி வரும் நேரம், பின்பக்கச் சாப்பாடு. அக்கா நான் எதிர்பார்க்காத கேள்விகளையே கேட்டார்.

"கேட்டுக்கிட்டிருக்கிற ஆக்கள் குடிச்சிருந்தாங்களா, மிஸ்?"

இரண்டு மேசையில் பியர் இருந்தது. அதையும் சொன்னேன்.

"கழிப்பறைக்குப் போறெண்டா யார் கூடப் போறது?"

அங்கிளின் தங்கை.

"அந்த மனிசிக்கு எத்தின வயசு?"

நான் போகலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவர் என்னிடம் கேட்டது அதைத்தான் என்பது எனக்கு நினைவிருந்தது. ஆனால் ஒரு மாலைநேரம் பார்த்துவிட்டு வந்த நான் தீர்ப்புச் சொல்லிவிட்டு மட்டக்களப்புக்குப் பஸ் ஏறிவிடுவேன், அந்தத் தெருவில் இருக்கப்போவது அவர். "நீங்களே ஒருக்காப் போய்ப் பாருங்க, அக்கா," என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. "உங்கள அனுப்பினது இதுக்கா?" என்றார். நியாயமான கோபம்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை அக்கா போயிருக்கிறார். நான் போகவில்லை, பிள்ளை போனில் சொன்னதுதான். நீலச் சேலை கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசைக் கதிரையில் நுனியில் இருந்தாராம். பரிமாறும் பையன் சிங்களத்தில் ஏதோ கேட்க, விளங்காமல் வேண்டாமென்று கையைக் காட்டியிருக்கிறார். மோகனம் தொடங்கியபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டாராம்.

"அழுதவவா?" என்று கேட்டேன்.

"தெரியா, மிஸ். நான் புல்லாங்குழலப் பாத்துக்கொண்டிருந்த."

வரும்போது அக்கா வானின் முன்பக்கம், அங்கிளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வீட்டுக் கூரையில் இரண்டு வளை உக்கிப்போய் மூன்று மாரியாக ஒழுகுகிறது. பலாவா வேம்பா நல்லது, எத்தனை சிலாகை வேண்டும், கூலி என்னவாகும் என்று காகித ஆலை தாண்டும் வரைக்கும் விசாரித்துக்கொண்டே வந்தாராம். அடுத்த சனிக்கிழமை வான் வரும்போது கொஞ்சம் முந்தி வந்தால் ஏறி அளந்து பார்க்கிறேன் என்று அங்கிள் சொல்லியிருக்கிறார்.